சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. பி12 ஏன் வரவில்லை?

மக்களைத் தேடி மருத்துவம் பிறந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 2024-ல் ஐ.நா. விருது வரை அந்தத் திட்டம் போனது. பெருமைப்பட வேண்டிய திட்டம்தான். ஆனால், அன்று முதல் இன்று வரை வீடு தேடி வரும் மருந்துப் பையில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இருக்கிறது. அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் முதியவரின் உடம்பில் வைட்டமின் பி12 எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலுக்கு வெளியேயே பி12 நிற்கிறது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவான மருந்து. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீண்டகாலம் சாப்பிட்டால் அது பி12 குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த செய்தி. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-லேயே, இது பத்தில் ஒருவர் வரை பாதிக்கக்கூடிய பக்கவிளைவு, அறிகுறியும் ஆபத்தும் உள்ளவர்களுக்குப் பி12 அளவைப் பாருங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதிவிட்டது. தாராளமாக இறைச்சியும் பாலும் சாப்பிடும் நாட்டிலேயே இந்த எச்சரிக்கை என்றால், ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடும் நம் ஊருக்கு எத்தனை மடங்கு அவசரம்?

தேன்கனிக்கோட்டைப் பக்கமோ தளிப் பக்கமோ எந்த வீட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். எழுபது வயதுப் பாட்டி. காலையில் களி, மதியம் களி அல்லது சோறு. வீட்டில் கறக்கும் பாலை விடியற்காலையிலேயே சொசைட்டிக்கு ஊற்றிவிடுகிறார்கள். பாட்டிக்கு மிஞ்சுவது டீயில் விடும் ஒரு கரண்டிப் பால். கறி என்பது பண்டிகைக்கு. ராகியில் சுண்ணாம்புச்சத்து உண்டு, இரும்புச்சத்து உண்டு, பி12 துளியும் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சி என்று விலங்குகளிடமிருந்து வருவதில்தான் அது இருக்கிறது. வயதாக ஆக வயிற்றில் அமிலம் சுரப்பது குறைவதால், சாப்பிடும் கொஞ்சநஞ்சத்திலிருந்தும் பி12 சரியாகப் பிரிந்து வருவதில்லை. இத்தனைக்கும் மேல் தினமும் இரண்டு வேளை மெட்ஃபார்மின். முதலில் உள்ளங்கால் மதமதத்துப் போகிறது. நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவினால்கூடப் பாட்டிக்குத் தெரிவதில்லை. அப்புறம் அடுப்பில் வைத்ததை மறக்கிறார், பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்கிறது வீடு. மாதந்தோறும் வரும் தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை அட்டையைக் கொடுக்கிறார், கையெழுத்து வாங்குகிறார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் பாட்டி வழி தெரியாமல் தவிக்கும்போதுதான் குடும்பம் விழிக்கிறது. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, பெங்களூரின் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை வாசலில் போய் வரிசையில் உட்காருகிறார்கள். மறதி என்று வருபவருக்கு முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் தைராய்டோடு பி12-உம் ஒன்று. அதாவது, உள்ளூரில் எடுத்திருக்க வேண்டிய ஒரு குழாய் ரத்தத்துக்காக, ஒரு நாள் கூலியை இழந்து, இன்னொரு மாநிலத்தின் தலைநகரத்துக்குப் போகிறோம். சீக்கிரம் கண்டிருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டு மீட்டிருக்கலாம். தாமதமானால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுதாகத் திரும்பாது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. பி12-உம் ஃபோலேட்டும் குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும். வேலூர் சி.எம்.சி.யில் படித்த நரம்பியல் மருத்துவர் சுதா சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 1,092 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2002-ல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக்கும் நார்வே ஆய்வாளர் ஹெல்கா ரெஃப்ஸுமும், தாங்கள் பார்த்த இந்தியர்களில் நான்கில் மூன்று பேரிடம் பி12 பற்றாக்குறையின் அடையாளத்தைக் கண்டிருந்தார்கள். 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் குழு, லேசான மறதி தொடங்கிய எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு ஃபோலிக் அமிலம், பி12, பி6 கொடுத்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்திருந்தது. ஹோமோசிஸ்டீன் அதிகம் இருந்தவர்களிடம் அது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பேரிகையைத் தாண்டினால் மாலூர், கோலார் மாவட்டம். அந்த மாவட்டத்தின் சீனிவாசபுரா தாலுகா கிராமங்களில்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதுக்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குப் பி12 குறைபாடு என்று 2021-ல் வெளியிட்டார்கள். நம்மைப் போலவே ராகி தின்னும், நம்மைப் போலவே மானாவாரி விவசாயம் பார்க்கும் கிராமங்கள் அவை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். நாம் எண்ணக்கூடத் தொடங்கவில்லை.

மறுப்பு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். 2014-ல் சுமார் 22,000 பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தாலும் அறிவாற்றல் தேய்வதைத் தடுக்கவில்லை என்றது. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பற்றாக்குறைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. வயிறு நிறைந்தவருக்குச் சோறு போட்டுப் பசி தீரவில்லை என்று தீர்ப்பெழுத முடியாது. அல்சைமரைப் பி12 குணமாக்கும் என்று நாமும் சொல்லவில்லை. பற்றாக்குறை உள்ளவரைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதை அந்த ஆய்வு மறுக்கவில்லை.

பட்டியல் போடும் இடத்தில் இருப்பவர்கள் பி12-ஐ மறப்பது இது முதல் தடவையா? ரத்தசோகைக்கு நாடு முழுவதும் கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையும் நீல மாத்திரையும் என்ன? 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பி12 இல்லை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும் என்பது 1940-களின் இறுதியிலேயே பதிவான பாடம். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பி12 குறைவு என்று தெரிந்த பிறகும் மாத்திரை மாறவில்லை.

செறிவூட்டிய ரேஷன் அரிசியில் பி12 சேர்த்திருக்கிறோமே என்பார்கள். கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை. கால் கிலோ அரிசி தின்றால் அதிகபட்சம் 0.3 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு வேண்டியதோ 2 மைக்ரோகிராமுக்கு மேல். அதே ஒரு கிலோவில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். களி தின்னும் முதியவருக்கு அந்த 0.3-உம் கிடைப்பதில்லை. இந்தக் கணக்கைப் போட ஆய்வுக்கூடம் தேவையில்லை, பென்சில் போதும்.

இன்னும் பின்னால் போனால் ஃப்ளூரைடு கலந்த குடிநீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் எத்தனை காலம் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்? பல் கறுத்த பிள்ளைகளையும் முழங்கால் வளைந்த பெரியவர்களையும் மருத்துவர்கள் பார்த்தார்கள், கிணறு கிணறாக நீரைச் சோதித்தார்கள், அறிக்கை எழுதினார்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-ல். தண்ணீர் வந்தது 2013-ல். அந்த இடைவெளியிலும் அதற்கு முந்தைய பல ஆண்டுகளிலும் வளைந்த எலும்பை எந்தக் காவிரி நீரும் நிமிர்த்தவில்லை. அன்றும் சொன்ன பதில், பார்க்கிறோம், பரிசீலனையில் இருக்கிறது. நாற்காலியில் ஆட்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. எலும்புக்குச் செய்ததையே இப்போது மூளைக்கும் செய்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையா?

இதில் இன்னொரு கூட்டத்தையும் யாரும் நினைப்பதில்லை. 1980-களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த முதல் தலைமுறை இப்போது ஓய்வுபெற்று அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கிறது. வண்டி பூட்டினார்கள், கடிகாரம் பூட்டினார்கள், இந்த ஊரை ஊராக்கினார்கள். வேலையில் இருந்தவரை ஆண்டுதோறும் ஆலையில் உடம்பைப் பார்த்தார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாளோடு அதுவும் நின்றது. தனியார் ஆய்வகத்தில் பி12-க்குச் சில நூறு ரூபாயாவது வேண்டும், ஹோமோசிஸ்டீனுக்கு இன்னும் கூடுதல். சிறிய ஓய்வூதியத்தில் மூளைக்கென்று யார் அதை எடுத்து வைப்பார்கள்?

ஹோமோசிஸ்டீனை வீட்டு வாசலில் பார்க்க முடியாது என்பது உண்மை. எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரமாகச் சுழற்றிப் பிரிக்காவிட்டால் அளவு பொய்யாக ஏறிவிடும். ஆனால் பி12-க்கு அந்த அளவு நெருக்கடி கிடையாது. 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி கிருஷ்ணகிரியில் இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மெட்ஃபார்மின் வாங்குவோரின் பெயர்ப் பட்டியலே அரசின் கையில் இருக்கிறது. எந்த வழியில், எந்த நிதியில், எந்த வயதிலிருந்து என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். செலவாகும் என்ற பதிலை மட்டும் கொண்டுவர வேண்டாம். அந்தச் செலவை இப்போது ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸுக்குப் போகும் குடும்பங்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கின்றன. சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தில் இந்தத் தவறைத் திருத்தாமல் இன்னொரு நிதியாண்டைத் தள்ளிவிட இந்த மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகள் சம்மதிக்கக் கூடாது.