யாருய்யா சொன்னது, மெதுவா அடின்னு?

கோல்ஃப்னு பார்த்ததும் "பணக்காரன் ஆட்டம்டா சாமி"ன்னு அடுத்த பதிவுக்கு ஓடப் பார்க்கிறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் ஆடுறது அமெரிக்காவுல நகரசபை நடத்துற ஒரு பொது மைதானத்துல. மட்டையெல்லாம் செகண்ட் ஹேண்ட். பணக்காரன் ஏழை சண்டைய இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இன்னைக்கு என் கோபமெல்லாம் ஒரே ஒரு அறிவுரை மேல தான்.

"பக்கத்துல தானே இருக்கு, மெதுவா அடி."

இதைச் சொல்லாத ஆளே கிடையாது. பக்கத்துல ஆடுறவர் சொல்வார், ரேஞ்சுல நிக்கிற முன்னபின்ன தெரியாத மனுஷன் சொல்வார். நானும் சொல்லியிருக்கேன், அந்தப் பாவக்கதை கீழ வருது.

ஆடாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 400 யார்டு குழின்னு வெச்சுக்குங்க. டிரைவரால ஒண்ணு, அயர்னால ஒண்ணு, நம்ம தரத்துக்கு அதுல ஒண்ணு கண்டிப்பா சொதப்பும். மிச்சம் நிக்கிறது 30லேர்ந்து 80 யார்டு. என்கிட்ட இருக்கிற 56 டிகிரி சாண்ட் வெட்ஜை முழுசா வீசினா பந்து 85 யார்டு போகும். ஆனா கொடி இருக்கிறது 45 யார்டுல. அப்ப முழுசா வீசக்கூடாது, குறைச்சு வீசணும். எதைக் குறைக்கிறதுங்கிறது தான் கேள்வி. வேகத்தையா, நீளத்தையா?

"மெதுவா"ன்னு சொன்னா உடம்பு என்ன செய்யும் தெரியுமா? அதுக்குத் தெரிஞ்சது ஒரே பேக்ஸ்விங். முழுசா மேல தூக்கிடும். கீழ இறங்கி வரும்போது தான் மனசு "ஐயோ, அதிகமா போயிடுமே"ன்னு அலறும். உடனே பிரேக். கை நிக்கும், இடுப்பு நிக்கும். மட்டையோட தலை மட்டும் நிக்காது, கையை முந்திகிட்டு ஓடும், மணிக்கட்டு மடங்கும். இதுக்கப்புறம் ரெண்டே முடிவு. ஒண்ணு, பந்துக்கு முன்னாடியே தரையைத் தோண்டி, பந்தை விட மண்ணு அதிக தூரம் போகும். இல்லைன்னா மட்டையோட கீழ் விளிம்பு பந்தோட வயித்துல மோதி, 45 போக வேண்டியது தரையோட தரையா 90 யார்டு பறக்கும். பார்க்க ரெண்டும் வேற வேற வியாதி மாதிரி இருக்கும். மூலம் ஒண்ணு தான்.

இப்ப பாவக்கதை. ஆபீஸ்ல புதுசா வந்த தம்பி ஒருத்தனை நான் தான் இழுத்துட்டுப் போனேன். நாலஞ்சு வாரம் ஆசையா வந்தான். ஒரு சனிக்கிழமை 40 யார்டுல நிக்கிறான். நான் பெரிய வாத்தியார் மாதிரி, "மெதுவா, மெதுவா"ன்னேன். முதல் அடி, மண்ணு. "இன்னும் மெதுவா"ன்னேன். ரெண்டாவது அடி கிரீனைத் தாண்டி, அடுத்த குழியில நின்னுகிட்டிருந்த ஒரு பெரியவரோட பைக்கு அரை அடி தள்ளி விழுந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அவனுக்கு முகமே செத்துப்போச்சு. "எனக்கு இது வராதுண்ணே"ன்னு சொன்னவன் அதுக்கப்புறம் வரவே இல்லை. அவனுக்கு வராம இல்லைங்க. நான் சொன்னது தப்பு.

நம்ம பசங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு: கிரிக்கெட். வேகமா வர்ற பந்தை கையைத் தளர்த்தி காலடியில சாகடிக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து பழகியிருக்கோம். அங்க பந்துகிட்ட வேகம் இருக்கு, நாம அதைக் கொல்றோம். இங்க பந்து சும்மா கிடக்குது. அதுகிட்ட கொல்றதுக்கு ஒண்ணும் இல்லை, நாம தான் உசுரு குடுக்கணும். தடுப்பாட்டக் கையோட வெட்ஜைத் தொட்டா மண்ணு தான்.

சரி, என்ன தான் பண்ணச் சொல்றே? டேவ் பெல்ஸ்னு ஒருத்தர். நாசாவுல விஞ்ஞானியா இருந்துட்டு கோல்ஃப் பக்கம் வந்தவர். குறுகிய தூர ஆட்டத்தைப் பத்தி 1999ல தலகாணி சைசுல ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்ன வழி ரொம்ப சிம்பிள். உங்களைக் கடிகாரத்துக்கு நடுவுல நிக்க வெச்சுக்குங்க. பேக்ஸ்விங்ல இடது கை 7.30 மணிக்குப் போனா ஒரு தூரம், 9 மணிக்குப் போனா ஒரு தூரம், 10.30க்குப் போனா ஒரு தூரம். தாளம் மூணுக்கும் ஒண்ணே, நீளம் மட்டும் மாறும். நாலு வெட்ஜ் வெச்சிருந்தா பன்னெண்டு தூரம் கையில இருக்கு. என்கிட்ட மூணு வெட்ஜ் தான். 56 டிகிரியில எனக்கு வர்றது 40, 58, 72. உங்க நம்பர் வேறயா இருக்கும், காப்பி அடிக்காதீங்க.

கூடவே கால் இடைவெளியைக் குறைங்க, பந்து நடுவுல, எடை கொஞ்சம் இடது கால்ல. நெஞ்சு கொடியைப் பார்த்து திரும்பி முடியட்டும். முடிவு, ஆரம்பத்தை விட குட்டையா இருந்தா எங்கயோ பிரேக் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். (இதுக்கு நேர் எதிர் கோஷ்டி ஒண்ணு "வேகத்தைக் கூட்டு, கூட்டு"ன்னு கத்தும். அதைக் கேட்டா குட்டையா தூக்கி வெடுக்குன்னு குத்துவீங்க. அதுவும் வேண்டாம்.)

இதைச் சொன்னா நண்பர் ஒருத்தர் சிரிக்கிறார். "என்ன மச்சி, கோல்ஃபையும் எக்செல் ஷீட் ஆக்கிட்டியா? ஃபீல் வேணும்டா, ஃபீல்." ஐயா, சரளி வரிசை பாடாம யாராவது நேரா ஆலாபனைக்குப் போவாங்களா? ஃபீல் வேண்டாம்னு யார் சொன்னா? 50 யார்டுன்னா எப்படி இருக்கும்னு ஐநூறு தடவை அடிச்சுப் பார்த்த உடம்புக்கு வர்றது தான் ஃபீல். அடிக்காமலே வர்றதுக்குப் பேரு குருட்டாம்போக்கு.

இன்னொருத்தர் கொஞ்சம் படிச்சவர். மார்க் பிராடின்னு கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் 2014ல எழுதின புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தார். நல்ல ஆட்டக்காரனுக்கும் சுமாரானவனுக்கும் இருக்கிற வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு 100 யார்டுக்கு வெளிய தான் வருதுன்னு அதுல கணக்கு இருக்கு. அதனால டிரைவரைப் பழகுங்கிறார். கணக்கு சரி, நான் மறுக்கலை. ஆனா வித்தியாசம் எங்க இருக்குங்கறது வேற, எதை சீக்கிரம் சரி பண்ண முடியும்கிறது வேற. நம்ம தொழில்லயே பார்க்கிறோமே, பெரிய பக்கை சரி பண்ண ஆறு மாசம் ஆகும், சின்ன பக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். டிரைவர்ல 20 யார்டு கூட்ட எனக்கு உடம்பும் வேணும், கோச்சும் வேணும், வருஷமும் வேணும். இந்தக் கடிகாரம் எனக்கு மூணு வாரத்துல வந்துச்சு. அதுக்கு முன்னாடி 50 யார்டுலேர்ந்து நாலு அடி, அஞ்சு அடி எடுத்துகிட்டிருந்த ஆளு நான். இப்ப பெரும்பாலும் மூணு.

2007 மாஸ்டர்ஸ் ஞாபகம் இருக்கா? அகஸ்டாவுல நாலு நாள்ல பார் 5 குழிகளை மொத்தம் 16 தடவை ஆடணும். ஜாக் ஜான்சன் ஒரு தடவை கூட ரெண்டாவது அடியில கிரீனுக்கு முயற்சி பண்ணலை. ஒவ்வொரு தடவையும் முன்னாடியே நிறுத்திட்டு வெட்ஜை எடுத்தார். அந்தக் குழிகள்ல மட்டும் 11 அண்டர். கடைசியில டைகர் வுட்ஸை ரெண்டு ஸ்ட்ரோக்ல தாண்டி பச்சைக் கோட்டு போட்டுகிட்டார். குளிரும் காத்துமா இருந்த வாரம், அதனால எல்லாரும் அப்படியே ஆடணும்னு சொல்லலை. பக்கத்துல போகப் போக நல்லதுங்கிறது தான் பொது விதி. ஆனா கையில நம்பிக்கையான வெட்ஜ் இருந்தா மாஸ்டர்ஸே ஜெயிக்கலாம்னு ஒரு ஆள் காட்டியிருக்கார்ல?

ஆனா ரேஞ்சுக்குப் போய்ப் பாருங்க. வரிசையா இருபது பேர், இருபது பேர் கையிலயும் டிரைவர். சத்தம் நல்லா இருக்கும், ஒத்துக்கறேன். 9 மணி ஸ்விங் அடிக்கிறவனைப் பார்த்தா "பாவம், முதுகுவலி போல"ன்னு நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். ஒரு பக்கெட் பந்துல பாதியையாவது இதுக்கு ஒதுக்குங்க. ஒவ்வொரு அடிக்கும் மட்டையை மாத்துங்க, மணியை மாத்துங்க. ஒரே தூரத்துக்கு முப்பது பந்து அடிச்சா முப்பதாவது பந்து அழகா தான் போகும், மைதானத்துல யாரும் உங்களுக்கு முப்பதாவது பந்து குடுக்கப் போறதில்லை.

நேத்து அந்தத் தம்பிக்கு போன் பண்ணி, "நான் சொல்லிக்குடுத்தது தப்புடா, மறுபடி வா, 7.30லேர்ந்து ஆரம்பிப்போம்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "பார்க்கலாம்ணே"ன்னான். அவனோட சாண்ட் வெட்ஜ் இன்னும் என் கார் டிக்கியில தான் கிடக்குது.