பேர் உள்ள மரத்துக்கு நீதி... நம்பர் போட்ட மரத்துக்கு? பழமையான மரங்களின் இழப்பு பற்றி ஓர் அலசல்

ஒரே ஒரு மரத்தை வெட்டியதற்காக இரண்டு பேருக்கு நான்கு ஆண்டு மூன்று மாத சிறைத் தண்டனை. 2025 ஜூலையில் இங்கிலாந்தின் நியூகாசில் நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்த செய்தியைப் பார்த்ததும், "ஒரு மரத்துக்குப் போய் இவ்வளவா?" என்று நம்மில் பலருக்குத் தோன்றியிருக்கும்.

அது சாதாரண மரம் இல்லை. ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி, இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தன்னந்தனியாக நின்ற சிக்கமோர் மரம். 1991-ல் வந்த ராபின் ஹூட் படத்தில் அது தலைகாட்டியது. அதன் அடியில் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டவர்கள், இறந்தவர்களின் அஸ்தியைத் தூவியவர்கள் என்று ஊர் ஊராக ஆள்கள் இருந்தார்கள். 2023 செப்டம்பர் 27-ம் தேதி இரவு, அதை இயந்திர ரம்பத்தால் அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். குற்றச்சாட்டில் மரத்தின் மதிப்பு 6,22,191 பவுண்டு என்று போடப்பட்டது. நம்ம கணக்கில் சுமார் ஏழு கோடி ரூபாய்!

இந்த விலை எப்படி வந்தது?

விறகு விலையோ, பலகை விலையோ இல்லை. அடிமரத்தின் பருமன் என்ன, எத்தனை பேர் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கிறது, இன்னும் எத்தனை வருஷம் வாழும் என்றெல்லாம் பார்த்துக் கணக்கிடும் முறை பிரிட்டனில் இருக்கிறது. அதன்படி போட்ட தொகைதான் இது.

நம் நாட்டிலும் இப்படியொரு கணக்கு உண்டு. ஆனால், அது முடிந்த விதம் வேறு.

கொல்கத்தாவிலிருந்து வங்கதேச எல்லை வரை போகிறது ஜெசோர் சாலை. 1971 போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் நடந்துவந்த வழி அது. அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் அதைப் பார்த்துவிட்டு எழுதிய கவிதை உலகப் புகழ்பெற்றது. அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் குடை பிடித்த மாதிரி நிற்பவை நூறு வயதைத் தாண்டிய மரங்கள். அங்கே ஐந்து ரயில்வே மேம்பாலங்கள் கட்ட 356 மரங்களை வெட்ட வேண்டும் என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021-ல் சொன்ன கணக்கு இதுதான்: ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய். இதில் ஆக்சிஜனுக்கு மட்டும் 45,000. நூறு ஆண்டைத் தாண்டிய பாரம்பரிய மரம் என்றால் ஒரு கோடிக்கும் மேல்.

சரி, மரம் பிழைத்ததா? இல்லை. ஒன்றுக்கு ஐந்து மரம் நட வேண்டும் என்ற நிபந்தனையோடு, வெட்டுவதற்கு 2023 பிப்ரவரியில் வழி திறந்துவிட்டது. மேம்பாலம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால், கோடி ரூபாய் மதிப்பு என்று நிபுணர்களே எழுதிக் கொடுத்த மரத்துக்கு ஈடு ஐந்து மரக்கன்றுகள் என்பது எந்த ஊர்க் கணக்கு?

உத்தரப் பிரதேசத்தின் மதுரா பகுதியில் அனுமதி இல்லாமல் 454 மரங்களை வெட்டிய வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை உறுதி செய்தது. அந்தப் பசுமையை மறுபடி உருவாக்க குறைந்தது நூறு ஆண்டுகள் ஆகும் என்றும் சொன்னது. ஆக, அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம். அனுமதியோடு வெட்டினால் வளர்ச்சி. மரத்துக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணுதான்.

சென்னைக்கு வருவோம். அடையாறு ஆலமரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. சுமார் 450 வயது. அன்னி பெசன்ட், மரியா மாண்டிசோரி, ஜே.கிருஷ்ணமூர்த்தி எல்லாம் அதன் நிழலில் பேசியவர்கள். 1989-ல் அடித்த புயல் காற்றில் அதன் தாய்மரம் விழுந்துபோனது. விழுதுகள் மட்டும் இன்றும் தனித்தனி மரமாக நிற்கின்றன. ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கும் இதே கதைதான். பூஞ்சை நோய் தாக்கியதால் அதன் நடுமரத்தை 1925-லேயே அகற்றிவிட்டார்கள். விழுந்த பிறகும் இவற்றைப் பற்றி நாம் பேசுகிறோம் என்றால், இவற்றுக்குப் பேர் இருக்கிறது, வேலிக்குள் நிற்கின்றன, பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகம் இருக்கிறது.

நெடுஞ்சாலைப் புளியமரத்துக்கு இதில் எதுவும் கிடையாது. அடிமரத்தில் வெள்ளையடித்து ஒரு நம்பர் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். நாலுவழிச் சாலை வந்தபோது எத்தனை ஊர்களின் நுழைவாயிலாக இருந்த புளியமரங்கள் போயின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'மூணு புளியமரம்' ஸ்டாப்பிங் இருக்கும், புளியமரம் இருக்காது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. மகாராஷ்டிரா 2021-ல் தன் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. 50 வயதைத் தாண்டிய மரம் எதுவானாலும் அது பாரம்பரிய மரம். பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம், வயது போதும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் வயது எத்தனையோ அத்தனை மரம் நட வேண்டும். 80 வயது மரத்துக்கு 80. அதுவும் ஒரு சாண் கன்று இல்லை, ஆள் உயரத்துக்கு வளர்ந்த கன்று. ஏழு ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். இடமில்லை என்றால் பணமாகக் கட்டலாம் என்ற ஓட்டையும் அதில் உண்டு. இருந்தாலும், வெட்டுவதற்கு முன் மரத்தின் வயதைக் கணக்குப் பார்த்தாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

இங்கிலாந்தில் வெட்டுப்பட்ட சிக்கமோரின் அடிக்கட்டை 2024 கோடையில் துளிர்விட்டது. அதன் விதைகளிலிருந்தும் ஒட்டுகளிலிருந்தும் வளர்த்த 49 கன்றுகளை, மரத்தின் உயரத்தில் அடிக்கு ஒன்று என்ற கணக்கில், பல ஊர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.