இலை ஓட்டையானால் சந்தோஷப்படுங்கள்

பெங்களூரின் காம்பவுண்டு சுவர்களில் வழிகிற பூக்கொடிகளிடம் பூர்வீகம் விசாரித்தால் பல கொடிகள் கடல் தாண்டிக் கை காட்டும். காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லாவின் சொந்த ஊர் பிரேசில். ஜனவரி வாக்கில் ஆரஞ்சு நிறத்தில் கொட்டித் தீர்க்கும் பைரோஸ்டீஜியாவும் அங்கிருந்து வந்ததுதான். ஊதாக் கொத்தாகத் தொங்கும் பெட்ரியாவுக்கும் ரோஸ் நிற ஆன்டிகோனனுக்கும் மெக்சிகோ பக்கம்.

இதில் குற்றம் ஏதுமில்லை. நம் சாம்பாரில் விழும் மிளகாயும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆனால் விருந்தாளிக்குத் திண்ணை முழுவதையும் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரைத் தெருவில் நிறுத்தினால் எப்படி?

வீட்டுக்காரர்கள் சாமானியர்கள் இல்லை. பாரியிடம் தேரையே வாங்கிக்கொண்ட முல்லை. இலை நுனியையே கையாக நீட்டிப் பற்றி ஏறும் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, பெயரிலேயே மைசூரைச் சுமக்கும் தன்பர்ஜியா மைசூரென்சிஸ். இதை ஐரோப்பாவில் கண்ணாடி வீடு கட்டிப் பொத்தி வளர்க்கிறார்கள். அப்புறம் மாதவி என்கிற குருக்கத்தி. இங்கே மணம் வீசிக்கொண்டு அடக்கமாக இருக்கும் இதே கொடி, மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் போய்க் காடுகளை அமுக்குகிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஆக, கொடியில் நல்லது கெட்டது என்று பிறவிக் குணம் கிடையாது. எந்த ஊரில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

இந்த உள்ளூர்க் கூட்டத்தில் அழகுப் போட்டி வைத்தால் முதல் சுற்றிலேயே தோற்றுப்போகும் ஒரு கொடி உண்டு: ஈஸ்வரமூலி. கன்னடத்தில் ஈஸ்வரி பள்ளி. அங்கே பள்ளி என்றால் கொடி. வெளிர்பச்சையும் பழுப்பும் கலந்த சின்னக் குழல்தான் பூ. உள்ளே நுழையும் குட்டி ஈயை உள்நோக்கிய மயிர்கள் வெளியே விடாது. மயிர்கள் வாடியதும் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு ஈ விடுதலையாகும்.

மதிப்பு பூவில் இல்லை, இலையில். தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி, கருப்பு முன்சிறகும் மஞ்சள் பின்சிறகும் கொண்ட சதர்ன் பேர்ட்விங், கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி. அதன் புழு கண்ட இலையையும் தின்னாது. ஈஸ்வரமூலியும் அதன் நெருங்கிய சொந்தங்களும்தான் வேண்டும். இலையிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு, பறவைகளுக்குக் கசக்கும் பண்டமாகிவிடுகிறது. கொடி போனால் பூச்சியும் போகும்.

சொந்தம் மாறினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்துவிட்டது. பிரிஸ்பேன் வட்டாரத்தின் ரிச்மண்ட் பேர்ட்விங்கும் இதே குடும்பத்துக் கொடியை நம்பி வாழ்வது. காடுகள் அழிந்தன. தோட்டக்காரர்கள் அழகான பெரிய பூவுக்காகத் தென் அமெரிக்க அரிஸ்டோலோக்கியாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். தாய்ப் பூச்சி வாசனையில் ஏமாந்து அதில் முட்டையிட்டது. இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. 1990களில் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுக்காரர்களும் உள்ளூர்க் கொடியைத் தேடி நட்டுத்தான் அந்தப் பூச்சிக்கு மறுபடி வழி திறந்தார்கள்.

பெங்களூர்வாசிக்கு இதில் வசதியான பாடம் உண்டு. மரம் நட இடமில்லாத வீட்டிலும் கொடிக்கு இடமிருக்கும். ஒரு பெரிய தொட்டி, பால்கனி கிரில், கொஞ்சம் வெயில் போதும். ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள்; ஒரு கொடியைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டுப் போகும். பயப்பட வேண்டாம், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மருந்தடிப்பது மட்டும் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பாம்புக்கடிக்கு, வயிற்றுக்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக இந்த இலையை வாயில் போடாதீர்கள். இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், இதே இனத்து மூலிகை கலந்த மெலியவைக்கும் மருந்தைச் சாப்பிட்டுப் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். புழுவுக்கு அமிர்தம், நமக்கு விஷம்.

ஓட்டை விழாத பளபளப்பான இலைதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். யாரும் கடிக்காத இலை என்றால் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் சாப்பாடு இல்லை என்றுதான் அர்த்தம்.