உலை கொதித்த பிறகும் எதற்கு நெருப்பு?

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்படியில் விளக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் கிளம்புவதற்குள் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். தூக்குவாளியில் மதியச் சாப்பாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு பங்கு என்று மூன்று வேலையும் அந்த ஒரே சமையலில் முடிய வேண்டும். அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்குத் தூக்கமும் குறைவு, நேரமும் குறைவு. எரிவாயு தீர்ந்துவிட்ட வாரத்தில் விறகடுப்பின் புகை வேறு.

இப்படி அவசரமாக எரிக்கும் எரிபொருளில் கணிசமான பங்கு சோற்றை வேகவைக்கப் போவதில்லை, ஆவியாகக் கூரைக்குப் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 314 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரைக் கொதிக்கக் கொதிக்க வற்றவைக்க வேண்டுமானால் 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ ஏழு மடங்கு. உலை கொதித்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை. அரிசியும் பருப்பும் வேக அந்த 100 டிகிரி கூடத் தேவையில்லை. 80, 85 டிகிரிச் சூடு ஒரு மணி நேரம் விலகாமல் நின்றால் போதும், சோறு வெந்துவிடும்.

ஆகவே, உலை கொதிக்கும்வரைதான் அடுப்பு அவசியம். அதன்பிறகு வேண்டியது, பானையின் சூடு வெளியே போகாமல் பிடித்துவைக்கும் ஒரு பெட்டி.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே நார்வேக்காரர் ஒருவர் இத்தகைய பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டால் தவித்த பிரிட்டன் வீடுகளில், மரப்பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்து அதற்குள் பானையை இறக்கிவைத்துச் சமைத்தார்கள். தேனி மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தொலைவு பார்க்க வேண்டியதும் இல்லை. மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், புகையில்லா அடுப்போடு சேர்த்து ‘சூடாறாப்பெட்டி’யையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. குறைவாகப் புகைந்து குறைவாக விறகு தின்னும் அடுப்பு ஒரு பக்கம், அந்த அடுப்பையும் பாதியிலேயே அணைக்க வைக்கும் பெட்டி மறுபக்கம். வேக நேரமெடுக்கும் சிவப்புப் புழுங்கலரிசி உண்ணும் கேரளத்தில், இதே முறையில் வேலை செய்யும், எவர்சில்வர் உறையோடு கடைகளில் விற்கும் தெர்மல் குக்கர் இன்று சாதாரணமான பாத்திரம். நம் ஊர்க் கடைகளிலும் அது கிடைக்கிறது. ஆனால் இங்கே அதைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை.

பயன்படுத்தும் முறை எளிது. ஊறவைத்துக் களைந்த அரிசியைக் கொதிக்கும் உலையில் போட்டு, மறுபடி தளதளவென்று கொதி வந்தபின் ஐந்து முதல் பத்து நிமிடம் அடுப்பில் விட வேண்டும். பிறகு மூடியை இறுக்கி, பானையை அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மேலே மெத்தையை அழுத்தி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சோறு பதமாக இருக்கும். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது, பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். கஞ்சி வடிக்கிற வழக்கமுள்ள வீட்டில் தண்ணீரைத் தாராளமாக வைத்து, வெந்தபின் வடித்துக்கொள்ளலாம். ஊறவைத்த துவரம்பருப்பு கால் மணி நேரம் கொதித்துவிட்டுப் பெட்டிக்குப் போனால் இரண்டு மணி நேரத்தில் மசியும். கேப்பைக் கஞ்சிக்கும் கம்மங்கஞ்சிக்கும் இதே வழிதான்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை மறைத்து இதை யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது. பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அரைப்படிப் பானையில் ஒரு கைப்பிடி அரிசி போட்டால் சூடு நிற்காது. இடையில் திறந்து பார்க்கக் கூடாது. மொச்சை, ராஜ்மா போன்றவற்றை முதல்நாளே ஊறவைத்து, அடுப்பிலேயே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். உணவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெகுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். எனவே நாலைந்து மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்ததை ஒருமுறை கொதிக்கவைத்த பிறகே பரிமாற வேண்டும்.

சூடு போகாமல் தடுப்பது எது? பெட்டியின் பலகையோ தகரமோ இல்லை, இடையில் சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பொருள்தான் பெட்டியின் உயிர். இந்த இடத்தில்தான் தேனி மாவட்டத்துக்கு வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பெயர்போன அளவுக்கு இலவம்பஞ்சுக்கும் பெயர்போன ஊர். போடி மலைச் சரிவிலும் கடமலைக்குண்டு, வருசநாடு பக்கமும் கோடையில் இலவங்காய் பறித்து, உடைத்து, கொட்டை நீக்கிப் பஞ்சாக்குகிறார்கள். அந்தப் பஞ்சு இழை ஒவ்வொன்றும் உள்ளே குழல்போல வெறுமையானது. குழல் முழுக்கக் காற்று. இழையின் மேல் மெழுகுப்பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஏறாது. கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் இந்தப் பஞ்சைத்தான் வைத்துத் தைத்தார்கள். தெர்மாகோலுக்கு மாற்றாக, மண்ணில் மட்கக்கூடிய, கைக்கெட்டும் தூரத்தில் விளைகிற பொருள் இது.

நுரை மெத்தைகள் வந்தபின் இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் இருந்த சந்தை சுருங்கிவிட்டது. மெத்தை தைக்கத் தெரிந்த கைகள் போடியில் இன்னும் இருக்கின்றன. ஒரு பானையைச் சுற்றி நாலு விரல்கடை கனத்துக்குப் பஞ்சு வரும்படி ஓர் உறை, மேலே மூட ஒரு திண்டு, இரண்டையும் தாங்க ஒரு கூடை. தையல் இயந்திரம் உள்ள எந்த மகளிர் சுயஉதவிக் குழுவும் செய்துவிடக்கூடிய பொருள். பஞ்சு சட்டென்று தீப்பற்றும் என்பதால் அடுப்பை விட்டுத் தள்ளி வைக்கவும், உறைக்குக் கனத்த பருத்தித் துணி போடவும் வேண்டும். பஞ்சு வாங்க முடியாத வீட்டுக்கு வைக்கோல் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. திராட்சை அனுப்பும் அட்டைப்பெட்டிக்குள் காய்ந்த வைக்கோலை இறுக்கித் திணித்தாலே முதல் பெட்டி தயார்.

இனி வெயில். சூட்டைக் காப்பதைப் பற்றி மட்டும் பேசி, சூட்டை இலவசமாகத் தரும் சூரியனை விட்டுவிட முடியாது. நடுப்பகலில் நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. சூரிய அடுப்பு என்பது உள்ளே கறுப்புப் பூசி, மேலே இரட்டைக் கண்ணாடி போட்டு, மூடியில் ஒரு முகக்கண்ணாடி பதித்த பெட்டி. நல்ல வெயிலில் உள்ளே 100 டிகிரியைத் தாண்டும். காலை பத்து மணிக்கு அரிசியும் பருப்பும் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு வெந்திருக்கும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து மங்கும்போது உள்ளே கொதி நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தியாவுக்கும் இந்த அடுப்புக்கும் நூற்றைம்பது ஆண்டுத் தொடர்பு. 1870களில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், எட்டுப்பட்டைக் கண்ணாடி அடுப்பு ஒன்றைச் செய்து ஏழு சிப்பாய்களுக்கான உணவை இரண்டு மணி நேரத்தில் சமைத்துக் காட்டினார். 1878இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1950களில் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் குழிக்கண்ணாடி அடுப்பை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1980களிலிருந்து அரசு மானியத்தோடு பெட்டி அடுப்புகள் லட்சக்கணக்கில் விற்கப்பட்டன. ஆனாலும் இன்று ஒரு தெருவில் நடந்தால் ஒரு மாடியிலாவது அது தென்படுகிறதா?

குறை வெயிலிலும் இல்லை, பெண்களிடமும் இல்லை. சமைப்பவரின் நாளைக் கணக்கில் எடுக்காமல் பொருளைக் கொடுத்தார்கள். சூரிய அடுப்பு வேலை செய்யும் பத்து மணிக்கு ஏலத்தோட்டத்துப் பெண் மலைமேல் இருக்கிறாள். அவளுக்கு நெருப்பு வேண்டியது விடியற்காலையில். சூரிய அடுப்பில் தாளிக்க முடியாது, தோசை சுட முடியாது. மாடி இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்குக் கம்பம் கணவாயில் ஆனியிலிருந்து ஆவணி வரை வீசும் காற்று, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று, கண்ணாடியின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். மேற்கு மலையிலிருந்து சாரலும் மேகமும் இறங்கும் நாட்களில் பெட்டி சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அப்படித்தான்.

ஆரோவில்லில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் கூட்டுச் சமையலறையின் கூரைமேல் நிற்கிறது. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நீராவியைத் தரும்படி அமைக்கப்பட்ட அந்தச் சமையலறையிலும் மேகமூட்டமான நாளுக்கென்று டீசல் கொதிகலன் துணைக்கு இருக்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே துணை அடுப்பு தேவைப்படும்போது, ஒரு குடும்பத்திடம் சூரிய அடுப்பை மட்டும் கொடுத்து அதை நம்பி இரு என்று சொன்னது நியாயமில்லை.

அதற்காகச் சூரிய அடுப்பு வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. அதற்குரிய வீடுகள் தேனியில் நிறைய இருக்கின்றன. மொட்டை மாடியில் வத்தலும் வடகமும் காயவைக்கும் பழக்கமுள்ள, பகலில் ஆள் இருக்கும் வீடுகள், ஓய்வுபெற்றவர்கள், நண்பகலில் குழந்தைகளுக்குச் சோறு போடும் அங்கன்வாடிகள். தை முதல் வைகாசி வரை அவர்களுடைய மதியச் சாதமும் பருப்பும், அவித்த நிலக்கடலையும், குடிக்கிற வெந்நீரும் வெயிலிலேயே ஆகிவிடும். வெயிலில் வெந்ததைச் சூடாறாப்பெட்டிக்கு மாற்றிவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை சூடு நிற்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் சூடாறாப்பெட்டி, பிறகு சூரிய அடுப்பு. பெட்டிக்கு வெயிலும் வேண்டாம், மாடியும் வேண்டாம். விறகோ, எரிவாயுவோ, மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷனோ, வீட்டில் எந்த அடுப்பு இருக்கிறதோ அதோடு சேர்ந்துகொள்ளும். நாளை சூரியத் தகட்டு மின்சாரத்தில் எல்லோரும் சமைக்கும் காலம் வந்தாலும் அந்த மின்சாரத்தையும் இது மிச்சப்படுத்தும்.

இதில் அரசுக்கு என்ன அக்கறை இருக்க வேண்டும்? நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு இணைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் அடுத்த சிலிண்டரின் விலைதான் அந்த வீடு விறகுக்குத் திரும்புமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. இங்கே விறகு என்றால் மலை. திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டபின், அடிவாரத்து ஊர்களில் சுள்ளி பொறுக்குவதே சிக்கலான காரியமாகிவிட்டது. ஒரு சிலிண்டர் இன்னும் சில நாள் கூடுதலாக வந்தால் அந்தக் குடும்பத்துக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது, புகையில் இருமும் குழந்தைக்கும் நல்லது.

2011இல் தொடங்கி மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீட்டுக்கு வீடு கொடுத்த மாநிலம் இது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போன நேரத்தை அந்தத் திட்டம் பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அடுப்புக்குப் போகும் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொருள் அவற்றை விடவும் மலிவு, மின்சாரமும் கேட்காது. தேனி மாவட்ட நிர்வாகம் ஒரு சிறு முயற்சியோடு தொடங்கலாம். போடி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இலவம்பஞ்சு, வைக்கோல், தெர்மாகோல் மூன்றிலும் கொதிநீர்ப் பானையை வைத்து நாலு மணி நேரத்தில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்று அளந்து, எவ்வளவு கனம் போதும் என்று சொல்லட்டும். மகளிர் குழுக்கள் அந்த அளவில் தைக்கட்டும். தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் ஓர் ஊரில் நூறு வீடுகளுக்குக் கொடுத்து, மழையும் காற்றும் வெயிலும் பார்த்து ஓராண்டு முடிந்ததும், பானையின் அளவும் மூடியின் கனமும் எப்படி மாற வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே கேட்கட்டும். அவர்கள் சொல்லும் திருத்தத்தோடு, அடுத்த கோடையில் இலவங்காய் வெடிக்கும் பருவத்துக்குள் இரண்டாவது ஊருக்கான பஞ்சைக் கொள்முதல் செய்துவிடலாம்.