பூட்டிய கதவின் முன்னே விழிப்பாயிருப்போம்

பாரிசிலும் அதன் புறநகர்களிலும் தொடர்மாடிகளில் வாழும் எம்மவர் எவருக்கும் ஒருநாள் நேரக்கூடிய சிறு விபத்து இது. குப்பைப் பையுடன் கீழே இறங்குகின்றோம். பின்னால் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொள்கின்றது. இந்நாட்டுக் கதவுகள் பலவற்றுக்கு வெளிப்புறத்தில் திருகும் கைபிடி கிடையாது. திறப்பு உள்ளே, நாம் வெளியே. நேரமோ இரவு பத்து மணி. ஊரிலென்றால் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் நாலு ஓட்டைக் கழற்றி உள்ளே இறங்கித் திறந்துவிடுவான். இங்கோ முன்வீட்டாரின் பெயர்கூட எமக்குத் தெரிவதில்லை.

அவ்வேளையில் கண்ணிற் படுவது, கீழ்வாசலில் தபாற்பெட்டிகளின் மேல் கிடக்கும் வண்ண அட்டை. நீலம், வெள்ளை, சிவப்பு நிறங்களில் நகரசபை வெளியிட்டதைப் போன்ற தோற்றம். பொலிஸ் 17, தீயணைப்பு 18, அவசர மருத்துவம் 15 என உண்மையான இலக்கங்களை வரிசையாக இட்டு, அவற்றின் நடுவே பூட்டுத் திருத்துபவரின் இலக்கத்தையும் செருகியிருப்பார்கள். 'காப்புறுதி நிறுவனங்களால் அங்கீகரிக்கப்பட்டவர்' என்ற வாசகமும் இருக்கும். எழுதிவிட்டதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. இத்தகைய விளம்பர அட்டைகளுக்கும் நகரசபைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இணையத்தில் தேடினாலும் முதலில் தோன்றுவது பெரும்பாலும் பணம் கொடுத்து இடப்பட்ட விளம்பரமே.

தொலைபேசியில் மறுமொழி சொல்பவர் சிறியதொரு தொகையைக் கூறி, 'அதிலிருந்து தொடங்கும்' என்பார். அந்தச் சொல்லிலேதான் பொறி இருக்கின்றது. வந்து சேர்பவர் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, இது பாதுகாப்புப் பூட்டு, துளைத்தாலன்றித் திறவாது என்பார். நல்ல நிலையிலிருந்த உருளை உடைக்கப்படும். பெயர் தெரியாத மலிவான ஒன்று உயர்ந்த விலைக்குப் பொருத்தப்படும். இரவுக் கட்டணம், பயணக் கட்டணம், விடுமுறைநாட் கட்டணம் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நூறு யூரோவில் தொடங்கிய கதை ஆயிரத்தைத் தாண்டிவிடும். உணவகத்தில் பாத்திரம் கழுவி உழைத்த ஒருவரின் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி அரை மணி நேரத்தில் போய்விடுகின்றது.

இவ்விடத்தில் ஓர் அடிப்படை விடயத்தை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. சாத்திக்கொண்ட கதவு வேறு, திறப்பினால் பூட்டப்பட்ட கதவு வேறு. வெறுமனே சாத்திக்கொண்ட கதவில் சாய்வான நாக்கு ஒன்று மட்டுமே நிலைக்குள் விழுந்திருக்கும். கை தேர்ந்த தொழிலாளி, எக்ஸ்-ரே படத்தை ஒத்த வளையும் தகடொன்றைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே செலுத்தி, எதையும் உடைக்காமலேயே சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடுவார். ஆகவே சாத்திக்கொண்ட கதவுக்கு எடுத்த எடுப்பிலேயே துளைகருவியை எடுப்பவர் மீது ஐயம் கொள்வது நியாயமே. அழைக்கும்போதே 'போர்த் கிளக்கே', அதாவது சாத்திக்கொண்ட கதவு, என்று தெளிவாகக் கூறிப் பயணச் செலவுடன் முழுத்தொகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். தொகை சொல்ல மறுப்பவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சட்டம் எம் பக்கம் இல்லை என்று எண்ணுவோர் பலர். அது தவறு. 2017 ஜனவரி 24ஆம் திகதிய அமைச்சாணையின்படி, மணிக்கட்டணம், பயணக் கட்டணம் ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்னரே வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, 'தெவி' எனப்படும் எழுத்துமூல விலைமதிப்பீட்டைக் கொடுக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர், முகவரி, 14 இலக்கங்கள் கொண்ட சிறே எண் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தெவி கையில் வராமல் வேலையைத் தொடங்க விடலாகாது. வேலை முடிந்தபின் நீட்டப்படும் தெவியில் ஒப்பமிடலாகாது. கழற்றிய பழைய உருளையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துளைக்கத் தேவையிருந்ததா என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டில் வைத்துச் செய்யப்படும் ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் கைவிடும் உரிமை பொதுவாக உண்டு. அவசரத் திருத்த வேலைக்கு அவ்வுரிமை இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்த விலக்கு அவசரத்துக்குக் கண்டிப்பாகத் தேவையான வேலைக்கும் உதிரிப்பாகத்துக்கும் மட்டுமே உரியது. கதவைத் திறக்க வந்தவர் மூன்று முனைப் பூட்டையும் விற்றுவிட்டால், அந்த மேலதிக விற்பனைக்கு விலக்கு இல்லை. இன்னுமொன்று: பிறரிடம் ஆலோசனை கேட்க முடியாத அவசர நிலையைப் பயன்படுத்தி ஒருவரைக் கடப்பாட்டுக்குள் தள்ளுவதை, நுகர்வோர் சட்டம் பலவீனத்தைச் சுரண்டும் குற்றமாகவே கொள்கின்றது. அதற்கு 3 ஆண்டுச் சிறையும் 375,000 யூரோ வரையான தண்டமும் விதிக்கப்படலாம்.

காசோலையைக் கொடுத்துவிட்டு மறுநாள் வங்கியில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். இந்நாட்டுச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. தொலைவு, களவு, மோசடிப் பாவனை போன்ற காரணங்களுக்கன்றி, விலையில் உடன்பாடில்லை என்பதற்காகக் காசோலையை நிறுத்த முடியாது. எனவே பணம் கைமாறும் முன்னரே பேசித் தீர்க்க வேண்டும். வங்கி இயந்திரம் வரை கூட்டிச்சென்று காசாகக் கேட்பவருக்கு இணங்கலாகாது. கொடுத்த தொகை எதுவாயினும் பற்றுச்சீட்டுப் பெறாமல் அனுப்பலாகாது.

இம்மோசடி பிரெஞ்சுக்காரரையும் விட்டுவைப்பதில்லை. ஆயினும் அகதியாக வந்தவரிடம் மோசடிக்காரருக்கு வசதி இரட்டிப்பு. மொழி தடுமாறும், தடுமாறாதவரும் நள்ளிரவில் மாடிப்படியில் நின்று வாதாட வெட்கப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, இவர் பொலிசை அழைக்கமாட்டார் என்ற துணிவு அவர்களிடம் உண்டு. எமது அச்சமே அவர்களது மூலதனம். புகலிடக் கோரிக்கை அத்தாட்சியோ வதிவிட அட்டையோ உள்ளவர் இந்நாட்டில் சட்டப்படி இருப்பவர். வழியை மறித்தாலோ, மிரட்டினாலோ, வீட்டைவிட்டு வெளியேற மறுத்தாலோ அவர் தயங்காமல் 17ஐ அழைக்கலாம். அதனால் வழக்குக் கெட்டுவிடும் என்பது வீண் பயம். விலைத் தகராற்றைத் தீர்ப்பது பொலிசின் வேலையன்று. மிரட்டலைத் தடுப்பது அவர்களது வேலை. எந்தப் பத்திரமும் இல்லாதவரிடம் இதையே இலேசாகச் சொல்லிவிட நாம் விரும்பவில்லை. அவர்களது பயம் காரணமற்றதன்று. அவர்கள் தனியே நில்லாது அயலவரையோ உறவினரையோ உடனே அருகில் அழைத்துக்கொள்ளட்டும். சாட்சி ஒருவர் வந்து நின்றாலே பல குரல்கள் தணிந்துவிடும்.

எனினும் சிறந்த பாதுகாப்பு, கதவு சாத்திக்கொள்ளும் முன்னர் நாம் செய்து வைப்பதே. மேலதிகத் திறப்பொன்றை நம்பிக்கையான ஒருவரிடம், நடந்து போகும் தூரத்தில், கொடுத்து வைப்போம். உட்புறம் திறப்பைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதைத் தவிர்ப்போம். பல பூட்டுகளில் அப்போது வெளியிலிருந்து மற்றத் திறப்பு நுழையாது. வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டுக் காப்புறுதி வைத்திருத்தல் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. உங்கள் ஒப்பந்தத்தில் வீட்டு உதவிச் சேவை அடங்கியுள்ளதா என்று இன்றே பார்த்து, அந்த இலக்கத்தைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டினுள் கிடக்கும் இலக்கத்தால் வெளியே நிற்பவருக்குப் பயனில்லை. பெயரில்லாமல் ஓர் அறையில் ஒதுங்கியிருப்போர் முதலில் வீட்டுக்காரரையும், முகாமில் இருப்போர் அங்குள்ள பொறுப்பாளரையும் அழைக்க வேண்டும். உள்ளே குழந்தை தனித்திருந்தாலோ அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, பூட்டுக்காரரைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் 18ஐ அழையுங்கள்.

பகல் வேளையொன்றில் உங்கள் பகுதியிலுள்ள பூட்டுக் கடைக்கு நேரே சென்று, விலையைக் கேட்டு, இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள். வீதியில் பெயர்ப்பலகையும் கண்ணாடிக் கதவும் உள்ளவர் நாளையும் அங்கேதான் இருக்க வேண்டும். அதனால் அவர் பெயரைக் காப்பாற்றிக்கொள்வார். தமிழர் ஒருவர் தந்த இலக்கம் என்பது மட்டும் போதிய உத்தரவாதமன்று. அவர் தாமே அந்தத் தொழிலாளியை அழைத்துப் பார்த்தவரா என்று கேளுங்கள்.

ஏமாந்தவர் வெட்கத்தில் வாய்மூடி இருந்துவிடுவதே இம்மோசடியை வளர்க்கின்றது. தெவி, பற்றுச்சீட்டு, பழைய உருளையின் படம் ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புப் பணிமனைக்கு முறையிடுங்கள். அரசின் சிக்னல்கொன்சோ சேவையில் பெயரை வெளியிடாமலும் அறிவிக்கலாம். நுகர்வோர் சங்கங்களும் இலவசச் சட்ட ஆலோசனை நிலையங்களும் கடிதம் எழுத உதவும். இழந்த பணம் முழுவதும் திரும்பும் என்று நாம் வாக்களிக்க முடியாது. ஆனால் இன்று ஒருவர் எழுதும் முறைப்பாடு, நாளை இன்னொரு தாய் அதே அட்டையைப் பார்த்து அதே இலக்கத்தை அழைக்காதிருக்க உதவும். கீழ்வாசலில் அந்த அட்டையைக் கண்டால் எடுத்துக் குப்பையிற் போடுங்கள். அந்த இடத்தில் நம்பத்தகுந்த ஒருவரின் இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். முன்வீட்டாரின் பெயரையும் இத்தருணத்திலேயே கேட்டறிந்து கொள்வோமாக.