வைக்கோலில் நானோ படிகம்: மண்ணின் பங்கை மறவாதீர்

வைக்கோல் என்றால் மாட்டுத் தீவனம், மிஞ்சினால் காளான் படுக்கை என்பதே நாம் அறிந்தது. இன்று வைக்கோல், கரும்புச் சக்கை, வாழைத்தண்டு, பருத்திமார் ஆகியவற்றிலிருந்து நானோ செல்லுலோஸ் படிகம் என்னும் புதிய பொருளைப் பிரித்தெடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. விவசாயிகள் இதனை அறிந்திருப்பது நல்லது.

செடியின் நாரில் உள்ள முக்கியப் பொருள் செல்லுலோஸ். வைக்கோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. நாரைத் தூய்மை செய்து கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குச்சிகள் மிஞ்சுகின்றன. இவற்றின் தடிமன் சில நானோமீட்டர்களே. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர்.

இக்குச்சிகள் நீரில் போதிய அளவு சேர்ந்தால், ஆற்றில் மிதக்கும் கட்டைகள்போலத் தாமே வரிசையாக அணிவகுக்கின்றன. நீர்போல் ஓடினாலும் படிகம்போல் ஒழுங்குடைய இந்நிலையே திரவப் படிகம் ஆகும். செல்லுலோஸ் குச்சிகளில் இது 1959-ல் கண்டறியப்பட்டது. கைக்கணிப்பொறியில் எண்களைக் காட்டுவதும் திரவப் படிகமே. ஆனால் அது ரசாயன முறையில் செய்யப்பட்டது. செல்லுலோஸ் குச்சிகளின் அடுக்குகள் சுழற்படிபோல் சிறிது சிறிதாகத் திரும்பி அமைகின்றன. உலர்ந்தபின், சாயமின்றியே வண்ணம் காட்டும் மெல்லிய தாள் கிடைக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுச் செடியான போலியாவின் பழம் இத்தகைய அமைப்பினாலேயே நீலமாக ஒளிர்வதாக 2012-ல் ஆய்வாளர்கள் விளக்கினர்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நாளொன்றுக்கு ஒரு டன் திறனுள்ள ஆலை 2012-ல் தொடங்கப்பட்டது. ஆனால் அதன் மூலப்பொருள் மரக்கூழ். வைக்கோலில் மிகுந்துள்ள சிலிக்காவை நீக்குவது கூடுதல் வேலை. ஆகவே நாளையே வியாபாரி வாசலுக்கு வருவார் என்று எண்ண வேண்டாம். நானோ என்ற பெயர் சொல்லி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. அமில வேலையை வீட்டிலோ தோட்டத்திலோ செய்து பார்க்கவே கூடாது.

என் கருத்தில் முக்கியமான கேள்வி வேறு. ஒரு டன் வைக்கோல் வயலைவிட்டுப் போகும்போது, ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும் உடன் போகின்றன. அந்தச் சாம்பல் சத்தை நாம் உரக்கடையில் பணம் கொடுத்து வாங்குகிறோம். எனவே வைக்கோலுக்கு விலை பேசும்போது, கட்டுக்கூலி, வண்டிக்கூலியோடு இந்த உரத்தின் மதிப்பையும் சேர்த்தே பேச வேண்டும். மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிஞ்சியதையே விற்க வேண்டும். தனித்தனியாகப் போகாமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து பேசினால் எடையிலும் விலையிலும் ஏமாற்றம் குறையும்.

ஆலை அமைப்போருக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை. அமிலக் கழிவு வாய்க்காலில் கலக்காது என்ற உறுதி முதலில் வேண்டும். வண்ணத்தாள் நகரத்துக்கும், கழிவு நீர் கிராமத்துக்கும் என்றால் அந்த விஞ்ஞானத்தால் உழவனுக்குப் பயன் இல்லை.

அதுவரை, மிஞ்சிய வைக்கோலுக்குத் தீ வைக்காதீர்கள். உலர்த்திப் போரிடுங்கள், அல்லது மக்க வைத்து வயலுக்கே திருப்புங்கள்.