பல் அடைப்பில் நண்டு ஓடு: ‘வெள்ளி’ போன பிறகு என்ன?

கண்ணாடி முன் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கோ மாமாவுக்கோ வெள்ளி நிறத்தில் ஓர் அடைப்பு இருக்கும். பள்ளிக்கு வந்த பல் ‘மிஸ்ஸி’ வைத்துவிட்டதாகக்கூட இருக்கலாம். பெயர்தான் வெள்ளி அடைப்பு. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்.

அதற்கு இப்போது நாள் குறித்தாகிவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பாதரசம் கலந்த பல் அடைப்பை 2034-க்குள் கைவிட ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத் தேவை உள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, 2025 ஜனவரி முதலே நிறுத்திவிட்டது. முக்கியக் காரணம் சுற்றுச்சூழல். கிளினிக் கழிவுநீரில் போகும் பாதரசம் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. உடலைத் தகனம் செய்யும்போது பல்லில் இருப்பது காற்றில் கலக்கிறது.

சரி, அதற்குப் பதில் என்ன?

தனியார் கிளினிக்கில் இப்போது அதிகம் வைப்பது பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். பார்க்க அழகு, பலமும் உண்டு. ஆனால் பல் உலர்ந்திருக்க வேண்டும், அடுக்கடுக்காக வைத்து ஒளியில் இறுக்க வேண்டும், நேரமும் பணமும் கூடுதல். எச்சில் ஊறும் வாயோடு நெளியும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பல் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொன்று கிளாஸ் அயனோமர். கண்ணாடித் தூளையும் ஓர் அமிலத் திரவத்தையும் குழைத்து வைத்தால் பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், மெல்ல ஃபுளோரைடையும் கசியவிடும். மின்சாரமும் துரப்பணமும் இல்லாத இடத்தில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு வைக்கலாம். குறை ஒன்றுதான்: கடித்து மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேயும், உடையும்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஆய்வாளர்கள் நண்டு ஓட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

நண்டு ஓட்டுக்குள் என்ன இருக்கிறது?

போர்ட் கிள்ளானிலிருந்து படகு ஏறி கெத்தாம் தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பெயரே நண்டுத் தீவு. தின்றுவிட்டு நாம் ஒதுக்கும் நண்டு, இறால் ஓடுகளில் கைட்டின் என்ற இயற்கைப் பாலிமர் இருக்கிறது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தையும், காரத்தில் ஊறவைத்துப் புரதத்தையும் நீக்கி, பிறகு கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசன் கிடைக்கும். அது லேசான அமிலத்தில் கரையும். அதனால் கிளாஸ் அயனோமரின் திரவத்தில் கலப்பது எளிது. நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால், எதிர்மின்னேற்றம் உள்ள கிருமிகளின் மேற்பரப்பில் ஒட்டி அவற்றைச் சிதைக்கும். சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் இதில் அடக்கம்.

கொஞ்சமாகக் கலந்தால் அடைப்பின் பலம் கூடுகிறது, கிருமி குறைகிறது என்று ஆய்வகச் சோதனைகள் பல சொல்கின்றன. அளவு கூடினால் கதை மாறும். திரவம் கெட்டியாகிச் சரியாகக் குழையாது, பலமும் இறங்கும். ரசத்தில் புளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது, இதில் பெரும்பகுதி பிடுங்கிய பல்லிலும் சோதனை அச்சுகளிலும் சில வாரங்கள் நடந்த சோதனை. வாயில் ஓர் அடைப்பு வருடக்கணக்கில் சூடான தே தாரிக்கையும் ஐஸ் கச்சாங்கையும் மாறி மாறித் தாங்க வேண்டும். அதோடு, ஓடு எந்த உயிரினத்தினுடையது, எப்படிச் சுத்திகரித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதிக் கைட்டோசனும் வேறுபடும். தொழிற்சாலைக்கு இது பெரிய தலைவலி. பல் பிடுங்கிய இடத்தில் ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணியாகக் கைட்டோசன் ஏற்கெனவே வந்துவிட்டது. நிரந்தர அடைப்பாக அது இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் இருக்கிறது.

நம்ம காட்டுப் பால்

இயற்கைப் பாலிமர் பல்லுக்குள் போவது புது விஷயமே இல்லை. முதலில் போனது இந்த மண்ணின் மரத்திலிருந்துதான்.

ரூட் கெனால் செய்திருக்கிறீர்களா? நரம்பை எடுத்த பிறகு வேருக்குள் செருகும் இளஞ்சிவப்புக் குச்சியின் பெயர் கட்டா பெர்ச்சா. மலாய்ச் சொல்லான ‘கெத்தா பெர்ச்சா’வே அப்படி மாறியது. மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் அது. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் சீவிய ரப்பர் பாலுக்கு ஒருவகையில் உடன்பிறப்பு. இரண்டும் ஐசோபிரீன் என்ற ஒரே கண்ணியால் ஆன சங்கிலிகள். கண்ணிகள் கோத்திருக்கும் திசை மட்டும் வேறு. அதனால் ஒன்று இழுபடும், மற்றது சாதாரண வெப்பத்தில் கெட்டியாக இருந்து, சூடு பட்டால் மெழுகுபோல் குழையும்.

1843-இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். 1847-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆசா ஹில் இதோடு சுண்ணாம்பும் குவார்ட்ஸும் கலந்து பல் அடைப்பு தயாரித்தார். மெல்லும் பரப்பில் அது நிலைக்கவில்லை, அதற்கு அது மிருது. ஆனால் கடி படாத வேருக்குள், திசுவைச் சீண்டாமல் இடத்தை அடைக்க அதைவிடப் பொருத்தமானது அப்போது கிடைக்கவில்லை. இன்றைய குச்சியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கட்டா பெர்ச்சா, பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. இருந்தும் பெயர் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. கைட்டோசனுக்கும் இப்படித்தான் நடக்கும் என்பது என் ஊகம். முழு அடைப்பாக அல்ல, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலான ஒட்டுப் பகுதியில் அது தன் இடத்தைப் பிடிக்கலாம்.

மரத்துக்கு என்ன ஆனது? ரப்பரைப் போல் சீவினால் பால் தாராளமாக வடியாது என்பதால் மரத்தையே வெட்டினார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக உலகமே கேட்டது. 1866 அட்லாண்டிக் கம்பியும் அதில் ஒன்று. சிங்கப்பூர்க் காடுகளில் அந்த மரம் சில ஆண்டுகளிலேயே அரிதாகிப்போனது. ‘இயற்கையானது’ என்றால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் இது நினைவிருக்கட்டும். நண்டு ஓடாவது ஏற்கெனவே குப்பைக்குப் போவது.

யாருக்கெல்லாம் கேள்வி எழும்?

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதலில். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் தசையில் உள்ள புரதம், கைட்டின் அல்ல. ஆனாலும் சுத்திகரிப்பு சரியில்லையென்றால் புரதம் மிச்சமிருக்கும், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது. அடுத்து சைவ உணவுக்காரர்கள். ஈறு, எலும்புச் சிகிச்சையில் வைக்கும் கொலாஜன் சவ்வு பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுத்தது, ஆகவே அவர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்காமல் விடும் கேள்வி இது. மலேசியா 2019-இல் ஹலால் மருத்துவச் சாதனங்களுக்கென்றே தனித் தரநிலை வெளியிட்டது.

‘இயற்கை ஃபில்லிங்’ என்று டிக்டாக்கில் விளம்பரம் பார்த்தால், பொருளின் பெயரைக் கேளுங்கள். பல் அடைப்புப் பொருள்களும் சட்டப்படி மருத்துவச் சாதனங்களே. மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவுப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம்.

ஏற்கெனவே இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயந்துபோய் எடுக்க வேண்டாம். உடையாமல், ஓரத்தில் சொத்தை இல்லாமல் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். தேவையில்லாமல் துளைக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வரும், நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.